தூக்கிய பெட்டிக்குள் இரண்டு எடைகள்

“அப்போ எங்களைப் பிடிச்சுப்போய் நீங்க கூட்டு சேரலையா?”

“பிடிச்சுப்போயா? உங்களையா?” அவர் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் ஒன்று கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தது. “பொண்ணு பாக்க வந்தவங்களைக் கேக்குற மாதிரி கேக்குற. உங்க கொடியைப் பாத்தாலே எங்க சித்தப்பா காறித் துப்புவார். இப்போ அதே கொடி எங்க தபால் ஆபீஸ் வாசல்ல எங்க கொடிக்குப் பக்கத்துலயே தொங்குது. பாவம், எச்சிலை முழுங்கிட்டுப் போறார்.”

“பின்ன ஏன் சேந்தீங்க?”

“நீங்க ஏன் சேந்தீங்க?”

“எனக்கென்ன தெரியும்ணே. என்னையா கேட்டாங்க?”

“என்னையும்தான் கேக்கல. ஆனா யோசிச்சுப் பாத்தேன். வடக்குக்காரன் உங்க துறைமுகத்தைப் பிடிச்சான். அதே வாரம் எங்க மலைப்பாதையைப் பிடிச்சான். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு பயம் வந்துடுச்சு. பயம் ஒரே அளவா இருக்கிற வரைக்கும் நாம கூட்டாளி. வேற ஒன்னும் இல்ல.”

“அளவு மாறினா?”

“முதல்ல நூலைப் பாரு,” என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ரயில் பெட்டியின் கூரையிலிருந்து ஒரு நூலில் தொங்கிய தூக்குக்குண்டு, தரையில் வரைந்திருந்த வட்டத்தைவிட்டு விலகியிருந்தது. அவள் ஜன்னலில் தலையை நீட்டி, “நம்ம பக்கம் ஒரு விரல் இறக்கம்!” என்று கத்தினாள்.

“அரைச் சுத்து!” என்று கீழேயிருந்து அவள் கணவனின் குரல் வந்தது. திருகு கிறீச்சிட்டது. குண்டு மெல்ல ஆடி வட்டத்துக்குள் வந்து நின்றது.

“சரி!” என்றாள் அவள்.

“ஆச்சு!” என்றது பெட்டிக்கு மறுபுறமிருந்து ஒரு பெண்குரல். அது ஊன்றுகோல்காரரின் தங்கை.

பெட்டி நின்ற கொட்டகை பாலத்தின் முனையில் இருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் அவளுடைய நாடு. அந்தப் பக்கம் அவருடைய நாடு. தண்டவாளம் போட்ட காலத்திலேயே இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று நம்பவில்லை. இவர்கள் அகலப்பாதை போட்டதும், அவர்கள் வேண்டுமென்றே ஒரு சாண் குறைத்துப் போட்டார்கள். ஒருவனுடைய ரயில் மற்றவனுடைய ஊருக்குள் ஓடி வந்துவிடக் கூடாது என்பதுதான் யோசனை. அந்த யோசனை மூன்று போர்களில் உதவியது. நான்காவது போரில் இரண்டு நாடுகளும் ஒரே பக்கம் நிற்க வேண்டி வந்தபோதுதான், ஒரு மூட்டை மருந்தைக்கூட இறக்கி ஏற்றாமல் பாலத்தைக் கடத்த முடியாது என்பது இரண்டு தலைநகரங்களுக்கும் நினைவு வந்தது.

அதனால் கொட்டகையைக் கட்டினார்கள். பெட்டியை ஜாக்கியில் தூக்குவது, அகலச் சக்கரத்தை உருட்டி வெளியே எடுப்பது, குறுகிய சக்கரத்தை உருட்டி உள்ளே விடுவது, இறக்குவது. வேலை இவ்வளவுதான். ஆனால் ஜாக்கிகள் யாருடையவை என்று கேள்வி வந்தது. கடைசியில் இடப்பக்க ஜாக்கிகள் இவர்களுக்கு, வலப்பக்க ஜாக்கிகள் அவர்களுக்கு என்று பேசி முடித்தார்கள். பக்கத்துக்கு ஒரு திருகுச் சக்கரம், அதைச் சுற்ற ஓர் ஆள். நடுவில் பெட்டி மறைப்பதால் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. குரல் கொடுத்து, பதில் குரல் கேட்டு, அரை அரைச் சுற்றாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் பெட்டி சரிந்துவிடும்.

ஒருவர் வேண்டுமென்றே சரித்துவிட்டால்? இரண்டு தரப்புக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதற்குத்தான் எடை என்ற ஏற்பாடு. திருகு சுற்றுகிறவரின் வீட்டு ஆள் ஒருவர், பெட்டி மேலே இருக்கும்வரை அதற்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. கொட்டகையில் எல்லோரும் எடை என்றே சொன்னார்கள்.

முதலில் அவள் மாமியார்தான் வருவதாக இருந்தது. எதிர்த் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. “வயசான அம்மான்னா அவன் மனசைத் தேத்திக்குவான், பொண்டாட்டியை உக்கார வைங்க” என்றார்கள். அவர்கள் தங்கள் திருகுக்காரியின் நாத்தனாரை அனுப்பியபோது இந்தப் பக்கத்து மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நாத்தனாரா? நல்ல சாக்குன்னு முதல் நாளே கவுத்துடுவாளே!” அதற்கப்புறம்தான் அண்ணன் வந்தார். ஒரு காலும் இரண்டு ஊன்றுகோலுமாக அவர் வந்து நின்றதைப் பார்த்து அவள் கணவன் முக்காலி என்று பெயர் வைத்தான். அது அவர் காதுக்கு எட்டியபோது, “சரியாத்தான் சொல்லியிருக்கான், நாலாவது கால் உங்க கண்ணிவெடிகிட்ட இருக்கு” என்றார்.

அவளுக்கு அன்று முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே பெட்டிக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் எதுவும் பழகிவிடும். அவளுக்கு மகள் பேசும் புதுச் சொற்களைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தார். அவருக்குத் தன் சித்தப்பாவைக் கேலி செய்ய ஓர் ஆள் கிடைத்தாள். இரண்டு பக்கத்துப் பேச்சும் ஒன்றுதான். அவர் சில சொற்களைக் கொஞ்சம் இழுப்பார், அவ்வளவுதான். கணவனோடு காலையில் சண்டை போட்டுவிட்டு வந்த நாட்களில்கூட, தன்னைக் கோணாமல் தூக்கி நிறுத்த வேண்டிய பொறுப்பு அவனுக்கு இருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது.

இன்றைக்குத் தூக்கியது ஆஸ்பத்திரிப் பெட்டி. இரண்டு பக்கமும் கதவு, சுவரோரம் அடுக்குக் கட்டில்கள், மருந்து வாசனை. உச்சிக்கு வந்ததும் கணவன் தடுப்புக் கொக்கியை மாட்டும் சத்தம் கேட்டது. அகலச் சக்கரங்களை உருட்டி வெளியே கொண்டுபோனார்கள். இனி அந்தப் பக்கத்திலிருந்து குறுகிய சக்கரங்கள் வர வேண்டும்.

வரவில்லை. அந்தப் பக்கத்துத் தொலைபேசி மணி அடித்தது.

“டீக்கு நேரமாச்சுன்னு சொல்றாங்களோ என்னவோ,” என்றார் அவர்.

மணி நின்றது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் எந்தப் பேச்சுச் சத்தமும் இல்லை. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது, நிறையக் காலடி, எல்லாம் ஒரே திசையில். அவர் எழுந்து வலப்பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். ஓர் ஆள் மேல் இன்னோர் ஆள் நின்றால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் இருந்தது பெட்டி. கீழே தண்டவாளங்களும் இரும்பு மேடைகளும்.

“ஏய், எங்கடி எல்லாரும் போறாங்க?”

“அண்ணே!” தங்கையின் குரல் உடைந்திருந்தது. “நம்மாளுங்க வடக்கோட சமாதானம்னு கையெழுத்து போட்டுட்டாங்களாம்ணே. மலைப்பாதையைத் திருப்பிக் குடுத்துட்டானாம். திருகைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு. கையைப் பிடிச்சு இழுக்கிறாங்கண்ணே... விடுங்க, வர்றேன்னு சொல்றேன்ல! அண்ணே, உன்னை இறக்கச் சொல்லி உத்தரவு வாங்கிட்டு வர்றேன். அங்கேயே இரு!”

“இல்லாட்டி நான் எங்க போகப் போறேன்?” என்றார் அவர்.

அந்தப் பக்கத்து இரும்புக் கதவு உருண்டு மூடியது. கொட்டகையின் பாதி இருட்டானது. அவர் கொஞ்ச நேரம் கதவருகிலேயே நின்றார். பிறகு திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து ஊன்றுகோல்களை மடிமேல் வைத்துக்கொண்டார்.

“எங்க பயம் கொஞ்சம் குறைஞ்சுடுச்சு போல,” என்றார்.

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. வடக்கு இனி இந்தப் பாலத்து வழியாக வரும். அவர் நாட்டு ரயிலில் ஏறி இந்தக் கொட்டகைவரை வந்து, இங்கே சக்கரம் மாற்றிக்கொண்டு, அவளுடைய நகரத்துக்குள் போகும். அவள் மகள் பக்கத்து வீட்டில் தையற்காரம்மாவின் இடுப்பில் இருந்தாள். அந்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் ரயில் நிலையம் தெரியும்.

“ஏன்ணே இப்படியே விட்டுட்டுப் போனாங்க? அவங்களுக்கு வழி வேணும்னா பெட்டியை இறக்கித்தானே ஆகணும்?”

“இறக்க உன் வீட்டுக்காரனும் சுத்தணுமே. அவன் சுத்துவானா? பட்டாளம் வரட்டும், துப்பாக்கியை வெச்சு சுத்த வெச்சுக்கலாம்னு நினைச்சிருப்பாங்க. அதுவரைக்கும் உங்க ஆளுங்க பெட்டியைக் கவுக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை.” அவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “நீதான் அந்த நம்பிக்கை. ஏற்பாடு நல்லாத்தான் வேலை செய்யுது.”

இந்தப் பக்கத்துத் தொலைபேசி அடித்தது. மேஸ்திரியின் குரல் மட்டும் துண்டு துண்டாக மேலே வந்தது. சரிங்க. ஆமாங்க. மேலதாங்க இருக்கு. பிறகு ஓட்டம், கட்டளை, எதையோ தரையில் இழுக்கும் சத்தம். அவள் இடப்பக்கக் கதவுக்குப் போனாள். கீழே ஆறேழு பேர் சரக்கு மூடும் படுதா ஒன்றைப் பிரித்து, நான்கு மூலையையும் பிடித்து விரித்துக்கொண்டிருந்தார்கள்.

“குதிம்மா,” என்றார் மேஸ்திரி. “கண்ணை மூடிட்டுக் குதி. நாங்க பிடிச்சுக்குவோம்.”

“ஏணி எடுத்துட்டு வாங்களேன்.”

“ஏணியா? நடுவுல ஏறி எவனாவது ஏதாவது பண்ணிடுவான்னு கொட்டகைக்குள்ள ஏணியே இருக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சவங்க நாமதான். இப்போ ஏணிக்கு எங்க போறது? குதி.”

“சரி. முதல்ல அண்ணனைப் பிடிச்சுக்குங்க. அவருக்கு ஒரு கால்தான், மெதுவா...”

மேஸ்திரி அந்தப் பக்கத்து இரும்புக் கதவைத் திரும்பிப் பார்த்தார். படுதாவைப் பிடித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லோரும் அந்த மனிதரோடு பீடி மாற்றிக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவன் தன் பெண்ணின் கல்யாணத்துக்கு அவரிடம் யோசனைகூடக் கேட்டிருக்கிறான்.

“என்ன மேஸ்திரி, பேச மாட்டேங்கிறீங்க?”

“அந்தாள் மேல இருக்கிற வரைக்கும்தான் அவங்க அந்தக் கதவைத் திறந்து சுட மாட்டாங்க. எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேணும். பெட்டியோட சேந்து அதுவும் சாயணும்னு அந்தப் பக்கத்து ஜாக்கிக்கு அடியில ஆளுங்க கடப்பாறை போட்டுட்டு இருக்காங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நீ சின்னப் பொண்ணு இல்ல. இந்தக் கொட்டகை இருந்தா வடக்குக்காரன் பட்டாளம் நாளைக்கு நம்ம தெருவுல இருக்கும். இருக்கிறது ஒரே வழி. இறங்கு.”

அவள் கணவனைத் தேடினாள். அவன் படுதாவைப் பிடிக்கவில்லை. திருகுச் சக்கரத்துக்குப் பக்கத்தில், தடுப்புக் கொக்கியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அந்தக் கொக்கியை எடுத்தால் திருகு தானாகச் சுழலும், இடப்பக்கம் ஒரே மூச்சில் இறங்கும். பெட்டி இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே விழுந்து, ஜாக்கிகளையும் நசுக்கிக்கொண்டு வழியை அடைக்கும். அவன் முகம் காய்ச்சல் வந்தவன் முகம்போல் இருந்தது.

“என்னங்க,” என்றாள்.

“நீ மேல இருக்கிற வரைக்கும் நான் இதை எடுக்க மாட்டேன்,” என்றான் அவன், எல்லோருக்கும் கேட்கும்படி. “அது அவருக்கும் தெரியும். அதான் உன்னை இறங்கச் சொல்றார்.”

“இவன் எடுக்கலைன்னா நான் எடுப்பேன்,” என்றார் மேஸ்திரி. “ரயில் சத்தம் கேட்டதும் எடுத்துடுவேன். நீ உள்ள இருந்தாலும் எடுப்பேன்மா. நாளைக்கு உன் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்னு தெரியாது. ஆனா எடுப்பேன்.”

அவர் சொன்ன விதத்தில், எடுத்தாலும் எடுப்பார், எடுக்காமலும் போவார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மேஸ்திரி அவள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். பாலத்தில் நடந்த பழைய சண்டையில் தன் இரண்டு அண்ணன்களைப் பறிகொடுத்தவரும் அவர்தான். இந்த இரண்டில் எந்த மேஸ்திரி கொக்கிக்குப் பக்கத்தில் நிற்பார் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

உள்ளே திரும்பினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கட்டிலின் இரும்புக் காலை ஒரு கையால் பிடித்திருந்தார்.

“உங்க மேஸ்திரி கெட்டிக்காரர்,” என்றார். “எங்காளுங்களுக்கு இது தோணல பாரு. கதவை மூடிட்டுப் போயிட்டாங்க. நீ இறங்கிட்டா அவங்களுக்குத் தெரியவே தெரியாது.”

“அந்தப் பக்கம் குதிச்சுடுங்கண்ணே.”

“குதிச்சா அடியில இரும்பு. பிடிக்க ஆளில்ல. இந்தப் பக்கம் குதிச்சா படுதாவை விலக்கிடுவாங்க.”

“விலக்க மாட்டாங்க. நான் சொல்றேன்.”

“அவங்க விலக்க மாட்டாங்க. கை தானா விலகிடும்.”

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். “உங்க ஆளுங்கதானே முதல்ல கைவிட்டாங்க! நாங்களா போய் வடக்கோட கையெழுத்து போட்டோம்?”

“போட்டிருப்பீங்க. துறைமுகத்தை முதல்ல திருப்பித் தந்திருந்தா நீங்க போட்டிருப்பீங்க. அப்போ என் தங்கச்சி கொக்கியைப் பிடிச்சுட்டு நிப்பா, அங்க ஒரு படுதா இருக்கும், நான் கதவுகிட்ட நிப்பேன், நீ இங்க உக்காந்திருப்பே.”

“அப்போ நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?”

அவர் தூக்குக்குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வட்டத்தின் நடுவில் அசையாமல் நின்றது.

“குதிச்சிருப்பேன்னுதான் நினைக்கிறேன்,” என்றார். “பொய் சொல்லணும்னு ஆசையாத்தான் இருக்கு.”

அவள் மறுபடி கதவுக்குப் போனாள். வாசலில் உட்கார்ந்தாள். கால்கள் வெளியே தொங்கின. ஒரு செருப்பு கழன்று படுதாவில் விழுந்து, பிடித்திருந்தவர்கள் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. கீழேயிருந்து பார்க்கிற எல்லா முகமும் தெரிந்த முகம். எல்லா முகத்திலும் அவள் குதிப்பாள் என்று எழுதியிருந்தது. கணவன் முகத்தில் மட்டும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“பாப்பா தேடுவா,” என்றான் அவன். அதைச் சொன்னதும் தன்மேலேயே வெறுப்பு வந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குதித்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. படுதா பிடிக்கும். கணவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போவான், அல்லது கொக்கியோடு நிற்பான். பின்னால் அந்தச் சத்தம் கேட்கும். சாயங்காலம் மகளுக்குச் சோறு ஊட்ட வேண்டும். குதிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் தெரியவில்லை. தங்கை உத்தரவோடு வரலாம். வராமலும் போகலாம். அவள் வந்தாலும், பெட்டியை மெல்ல இறக்க இந்தப் பக்கம் விடுமா? பெட்டி ஒழுங்காக இறங்கினால் கொட்டகை மிஞ்சும். கொட்டகை மிஞ்சினால் பட்டாளம் வரும். எந்தப் பக்கம் யோசித்தாலும் யோசனை இந்தப் பெட்டியின் நான்கு சுவருக்குள்ளேயே வந்து முட்டியது.

பாலத்தின் தூரத்து முனையில் தண்டவாளம் லேசாக முனகியது. காற்றாகவும் இருக்கலாம். மேஸ்திரி தலையை நிமிர்த்திக் காது கொடுத்தார். பிறகு கொக்கியை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். கணவன் நகரவில்லை.

அந்தப் பக்கத்து இரும்புக் கதவுக்கு வெளியே யாரோ கையால் தட்டினார்கள். ஒரு பெண் கத்துவதுபோல் இருந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. அண்ணனைக் கூப்பிடுகிறாளா, யாரிடமாவது சண்டை போடுகிறாளா, அதுவும் தெரியவில்லை.

அவளுக்குப் பின்னால் ஊன்றுகோல் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. இரண்டு எட்டு வந்து நின்றது. அவர் கை தோளில் விழும் என்று எதிர்பார்த்தாள். விழவில்லை. அவர் அவளைத் தொடவே இல்லை.

“நம்ம ரெண்டு நாட்டுக்காகவும் கேக்கல,” என்றார். குரல் இதுவரை அவளிடம் பேசிய குரலாக இல்லை. “அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. எனக்காகக் கேக்குறேன். என் தங்கச்சி வர்றாளான்னு பாக்கிற வரைக்கும், அந்தக் காலை மட்டும் கொஞ்சம் உள்ள எடுத்துக்கோயேன்மா.”